பிள்ளை பிறந்த பிறகும் பிரஷரைப் பார்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு எட்டாம் மாதத்தில் பிரஷர் 150/100, யூரினில் புரதம் வேறு போகிறது என்று எழுதியிருந்தாய். அதைவிட, "லேசாகத் தலைவலி, தூக்கம் கெட்டதால் இருக்கும்" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இன்றைக்கே டாக்டரிடம் சொல்லச் சொல். மாத்திரைக்கும் அடங்காத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

எங்கள் வார்டில் இதே பிரஷரோடு ஒரு பெண். பிரசவமாகி மூன்றாம் நாள், "ஏன் லைட்டைப் போடவில்லை?" என்று கேட்டாள். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. டார்ச் அடித்தால் கண்மணி ஒழுங்காகச் சுருங்குகிறது. கண்ணில் கோளாறே இல்லை. பிரஷர் எகிறும்போது மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் தாங்காமல் நீரைக் கசியவிடும். பார்வையைக் கவனிக்கும் பின்மூளைதான் பெரும்பாலும் முதலில் வீங்கும். பிரஷரை இறக்கி, மெக்னீசியமும் போட்டதில் சில நாளில் அவளுக்குப் பார்வை திரும்பிவிட்டது. எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் 160/110ஐத் தொட்டு இறங்காமல் நின்றால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்தாக வேண்டும் என்கிறோம்.

மெக்னீசியம் சல்பேட் பழைய, மலிவான மருந்து. பிரஷரைக் குறைக்க அதைப் போடுவதில்லை, இந்தப் பிரஷர் முற்றினால் வரும் வலிப்பைத் தடுக்கத்தான். 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு 2002இல் வெளியானது. இந்த மருந்து போட்டவர்களுக்கு வலிப்பு வரும் அபாயம் பாதியாகக் குறைந்தது. ஊசி ஏறும்போது உடம்பெல்லாம் கொதிப்பதுபோல் இருக்கும், மகளிடம் முன்பே சொல்லி வை. நர்ஸ் அடிக்கடி முழங்காலில் சுத்தியலால் தட்டுவார். கால் உதறாவிட்டால் மருந்து அளவு மீறுகிறது என்று அர்த்தம். மூச்சையும் எண்ணுவார்கள், மெக்னீசியம் மிஞ்சினால் அதை முறிக்கும் கால்சியமும் கையிலேயே இருக்கும்.

அப்புறம் ஒன்று. குழந்தை வந்ததும் எல்லோரும் தொட்டிலைச் சுற்றி நின்றுவிடுவார்கள், தாயை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு எரிச்சலே இதில்தான். பிரஷர் பலருக்கும் பிரசவத்துக்குப் பிறகு மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். சில வாரம் கழித்துக்கூட வலிப்பு வரலாம். வீட்டிலேயே ஒரு பிரஷர் மெஷின் வைத்துக்கொள். டிஸ்சார்ஜ் அன்று எந்த மாத்திரை எத்தனை நாள், எவ்வளவு ஏறினால் உடனே வர வேண்டும் என்று எழுதியே வாங்கிவிடு.

என் முட்டிவலி அப்படியேதான். சரி, டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
சரசு