ரைஃபிளை டொராண்டோவில் விட்டுவிட்டு எனக்குக் கூப்பன் அனுப்பிய விமான நிறுவனத்துக்கு

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

போனில் சொன்னேன், சாட்டில் சொன்னேன், இணையப் படிவத்திலும் எழுதினேன். எங்கே போனாலும் "உங்கள் விளையாட்டுச் சாமான் தாமதமானதற்கு வருந்துகிறோம்" என்கிற அதே வரிதான் வருகிறது. அது கோல்ஃப் மட்டை இல்லை ஐயா, வேட்டை ரைஃபிள். நாட்டு எல்லை தாண்டும்போது அதற்குத் தனி நடைமுறை உண்டு என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, உங்கள் தளத்திலேயே துப்பாக்கிக்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறீர்கள்.

அக்டோபரில் பாஸ்டனில் ஏறி டொராண்டோ வழியாக, கனடாவின் கிழக்குக் கோடித் தீவான நியூஃபவுண்ட்லாந்தில் இருக்கிற டீர் லேக்குக்கு மூஸ் (மான் இனத்திலேயே பெரியது) வேட்டைக்குப் போனேன். வெளியிலிருந்து போகிறவர்கள் அங்கே கைடு இல்லாமல் மூஸ் சுட முடியாது, அதனால் முகாமுக்கும் லைசென்ஸுக்கும் முந்தின வருடமே பணம் கட்டியாயிற்று. கையில் ஒரே ஒரு .30-06 (தோட்டா அளவு) போல்ட் ஆக்‌ஷன், அதாவது ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ள வேண்டிய வகை, இடது கைக்காரனுக்கான ரைஃபிள் (இது பின்னால் முக்கியம்). காலி ரைஃபிள், கெட்டியான பெட்டி, பூட்டு, சாவி என்னிடம். தோட்டா தனியாக, 5 கிலோவுக்கு உள்ளே. அப்புறம் வெளிநாட்டவர் துப்பாக்கி கொண்டுவருவதை அறிவிக்கிற கனடாவின் 5589 படிவம் மூன்று பிரதி, அமெரிக்கச் சுங்கத்தின் 4457 படிவம்.

இனி பாஸ்டன் கவுண்ட்டரில் இருந்த உங்கள் ஆளைப் பற்றி. 4457 என்பது இந்த ரைஃபிள் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே என்னுடையதுதான் என்பதற்கான அத்தாட்சி. திரும்பி வரும்போது 'இதை அங்கேதான் வாங்கினாயா' என்று கேட்டால் காட்டுவதற்கு. ரைஃபிளையே சுங்க அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அதிகாரி சீரியல் நம்பரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள் அது. அதன் மேல் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு தேதி அச்சாகியிருக்கும். அது அந்தப் படிவ அச்சுக்கான தேதி, என் தாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் ஆள் அதைப் பார்த்துவிட்டு "இது காலாவதி" என்றார். விளக்கினேன். காதிலேயே போட்டுக்கொள்ளாமல் சிவப்புப் பேனாவை எடுத்து, அதிகாரி கையெழுத்திட்ட அசல் தாளிலேயே அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டார்!

அத்தோடு விட்டாரா? 5589-ல் கையெழுத்து இல்லை, இப்போதே போடு என்றார். கனடா சுங்க அதிகாரியின் கண் முன்னால்தான் அதில் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு முன்னால் போடக் கூடாது. சொன்னேன். "எனக்கே பாடம் எடுக்காதே, துப்பாக்கியோடு வந்தவன் நீதான்" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். பின்னால் குழந்தையோடு நின்ற ஒரு அம்மா வேறு வரிசைக்குப் போய்விட்டார். நான் ஏதோ கடத்தல்காரன் மாதிரி நின்றேன். பிறகு யாருக்கோ போன் போட்டுக் கேட்டவர், ஒரு வார்த்தை மன்னிப்பு இல்லாமல் டேக் ஒட்டி அனுப்பினார்.

அந்த டேக்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. கனடாவில் முதலில் இறங்குகிற இடத்தில் சுங்கத்தில் ரைஃபிளைக் காட்டி, 25 டாலர் கட்டி, படிவத்தில் முத்திரை வாங்க வேண்டும். அந்த முத்திரை 60 நாளுக்கு லைசென்ஸ் மாதிரி. அப்படியானால் பெட்டி டொராண்டோவில் என் கைக்கு வர வேண்டும். உங்கள் ஆள் நேராக டீர் லேக்குக்கு டேக் போட்டிருக்கிறார். நான் படிவத்தோடு சுங்கத்தில் நிற்கிறேன், ரைஃபிள் இல்லை. அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார், பார்க்காத துப்பாக்கிக்கு முத்திரை போட முடியாது என்று. பெட்டி எங்கே என்று உங்கள் மேசையில் கேட்டால் "அது சுங்கத்தின் வேலை". சுங்கத்தில் கேட்டால் "விமான நிறுவனத்தைக் கேளுங்கள்".

இதைவிடக் கொடுமை அடுத்தது. முகாமுக்கு உங்கள் டீர் லேக் அலுவலகத்திலிருந்து அழைப்பு, பெட்டி வந்துவிட்டது என்று. பாவம், கைடு தன் வேலையை விட்டுவிட்டு, மூஸ் குறுக்கே பாயும் சாலையில் இருட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினார். அங்கே போனால் யாருடையதோ மீன்பிடித் தூண்டில் குழாய். "நீளமான பெட்டி என்றுதான் சொன்னார்கள்" என்கிறார் உங்கள் ஊழியர். பெயர் பார்க்க மாட்டீர்களா?

கடைசிவரை ரைஃபிள் வரவே இல்லை. கைடின் பழைய ரைஃபிளை, அவர் பக்கத்திலேயே நிற்க, வாங்கிப் பிடித்தேன். அது வலது கைக்காரருக்கானது. நல்ல கொம்புள்ள ஆண் மூஸ் சதுப்போரம் வந்து நின்றது, நான் தோளில் வைத்துச் சரிபார்ப்பதற்குள் மரங்களுக்குள் போய்விட்டது. இனி இந்த வயதில் இன்னொரு முறை எனக்கு இது வாய்க்கப் போவதில்லை. என் வாழ்நாள் ஆசையை மொத்தமாக அழித்துவிட்டீர்கள். திரும்பும் வழியில் டொராண்டோவில்தான் பெட்டி கிடைத்தது, ரைஃபிள் மேல் குறிபார்க்கிற தொலைநோக்கியான ஸ்கோப் ஆடிக்கொண்டிருந்தது.

இதற்கெல்லாம் சேர்த்து நீங்கள் அனுப்பியது ஒரு பயணக் கூப்பன்.

சர்வதேச விமானப் பயண இழப்பீட்டுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையைக் காட்டி, பெட்டிக்கு 1,519 எஸ்.டி.ஆர்.தான் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) உச்சவரம்பு என்பீர்கள், தெரியும். சேதத்துக்கு 7 நாள், தாமதத்துக்கு 21 நாள், இரண்டு கெடுவுக்குள்ளும் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், ரசீது எண் இருக்கிறது. எனக்கு வேண்டியது முகாம் கட்டணம், விமானக் கட்டணம், லைசென்ஸ், ஸ்கோப் எல்லாம் முழுசாக, அத்தோடு அந்த பாஸ்டன் ஊழியரிடமிருந்து எழுத்தில் மன்னிப்பு. தயவுசெய்து இந்தக் கடிதத்தை ஒரு மனிதர் படிக்கட்டும். உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் ஒன்றும் இல்லை, பல வருடமாக உங்களிடம்தான் டிக்கெட் போடுகிறேன்.

ஆனால் இரண்டு வாரம் பார்ப்பேன். பதில் வராவிட்டால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்கும் கனடியப் போக்குவரத்து முகமைக்கும் ஒரே நாளில் புகார் போகும், அப்புறம் வக்கீல். சிவப்பு வட்டம் போட்ட 4457-இன் படம், டேக்கின் படம், ரசீதுகள் எல்லாம் இணைத்திருக்கிறேன். கூப்பனையும் திருப்பி இணைத்திருக்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.