மகள் சேரட்டும், கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் உள்ள மாணவியர் சங்கங்களான சொராரிட்டிகளைப் பற்றிச் சென்ற வாரம் ஒரு தந்தை எழுதிய கடிதத்தைப் படித்தேன். 'கூத்தும் கும்மாளமும்தான் அங்கே நடக்கிறது, நம் பெண்கள் ஒதுங்கியிருப்பதே நல்லது' என்கிறார். டெக்சாஸில் படித்தபோது, தெற்காசிய மாணவியர் சொராரிட்டி ஒன்றின் கிளையை எங்கள் கல்லூரியில் தொடங்கியவர்களில் நானும் ஒருத்தி. அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தச் சங்கங்கள் எப்படிப் பிறந்தன என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளையரல்லாத பெண்களை வெள்ளையர் சொராரிட்டிகள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், 1920களின் இறுதியில், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜப்பானிய அமெரிக்க மாணவிகள் 'கை ஆல்ஃபா டெல்டா'வைத் தொடங்கினார்கள். 1942-ல் ஜப்பானிய வம்சாவளியினரை அரசு முகாம்களில் அடைத்தபோது சங்கமும் முடங்கியது. போர் முடிந்ததும் மாணவிகள் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். தெற்காசியப் பெண்களுக்கான 'கப்பா ஃபை காமா' 1998-ல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. கும்மாளம் போட மட்டும் யாராவது இத்தனை பாடுபடுவார்களா?

எங்கள் கிளையைத் தொடங்கும் வேலையில் பெரும்பகுதி காகித வேலை. பதிவு விண்ணப்பம், ஆலோசகராக இருக்கச் சம்மதிக்கும் பேராசிரியர், அப்புறம் விதிமுறைகள். சந்தா பற்றிய விதியில்தான் பெரிய வாக்குவாதம். மொத்தமாகக் கட்ட வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக நின்றார்கள். நூலகத்தில் பகுதி நேர வேலை பார்த்த ஒரு பெண் எழுந்து, "சம்பளம் வந்தால்தான் என்னால் கட்ட முடியும். மொத்தமாகக் கேட்டால் நான் இதில் இல்லை" என்றாள். அறையே அமைதியாகிவிட்டது. தவணையில் கட்டலாம் என்று அன்றிரவே எழுதிச் சேர்த்தோம். யாரையும் வெளியே நிறுத்தக் கூடாது என்றுதானே தொடங்கினோம்? அந்த ஒரு வரிக்காக இன்றும் பெருமைப்படுகிறேன்.

சரி, ராகிங்? அது இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2013-ல் பென்சில்வேனியாவில், ஆசிய அமெரிக்க மாணவர்களின் ஃப்ரட்டர்னிட்டி (ஆண்களுக்கான சங்கம்) ஒன்றின் ராகிங்கில் முதலாமாண்டு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நம்மவர் சங்கம் என்பதற்காக எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது.

அதனால் பெற்றோரே, மகள் ஃபோன் செய்து 'சேரப்போகிறேன்' என்றால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். சந்தா எவ்வளவு, புதிதாகச் சேர்பவர்களை என்னென்ன செய்யச் சொல்கிறார்கள், அதை வீட்டில் சொல்லக் கூடாது என்கிறார்களா என்று கேளுங்கள். ரகசியம் என்று பதில் வந்தால் அந்தச் சங்கமே வேண்டாம். ராகிங் புகாரில் விதி மீறியதாக முடிவான மாணவர் அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரிகள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று 2024 டிசம்பரில் அமெரிக்காவில் சட்டமே வந்துவிட்டது. மகளோடு உட்கார்ந்து அந்த விவரத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவி ஒருத்தி,
டெக்சாஸ்