மழையில் திணறும் மைக்ரோவேவ்

ஆசிரியருக்கு,

மும்பையில் மழை வலுக்கும்போது போனில் சிக்னல் முழுசாகத் தெரிந்தும் இணையம் நகராவிட்டால், கோளாறு செல்போன் கோபுரத்தை நெட்வொர்க்கோடு இணைக்கும் பாதையில் இருக்கலாம். ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) போகாத கோபுரங்கள் டிஷ் வழியே மைக்ரோவேவ் என்ற ரேடியோ அலையில்தான் இணைகின்றன. 23 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், மணிக்கு 100 மி.மீ. மழை கிலோமீட்டருக்கு 10 டெசிபலுக்கு மேல் சிக்னலை விழுங்கும். அதாவது ஒவ்வொரு கிலோமீட்டரிலும் சிக்னலின் திறன் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும். இணைப்பு அறுந்துவிடாதிருக்கக் கருவி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

தாராவி, சயான் பக்கம் எழும் அடுக்குமாடிகளும் கவலை தருகின்றன. 15 கிகாஹெர்ட்ஸில் 5 கி.மீ. பாதையின் நடுவே, டிஷ்களுக்கு இடையே போகும் அலைக்கதிரைச் சுற்றிக் குறைந்தது 3 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். டிஷ்கள் ஒன்றையொன்று பார்த்தால் மட்டும் போதாது. நெரிசலான பகுதிக் கோபுரங்களுக்காவது அடுத்த பருவமழைக்குள் ஃபைபர் இழுக்க வேண்டும்.

- ஒரு வாசகர், மாட்டுங்கா, மும்பை