மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்குவது பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த உடற்பயிற்சிக் கட்டுரையில், எவ்வளவுக்கு எவ்வளவு கடுமையாக உழைக்கிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு மூளைக்கு இரத்தம் பாயும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

ஓய்வாக இருக்கையில் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை அனுப்புகிறது; அதில் முக்கால் லிட்டர் மூளைக்குப் போகிறது. வேகமாக ஓடும்போது இதயம் அனுப்பும் அளவு 4 மடங்காகலாம். மூளையின் பங்கு அப்படி உயர்வதில்லை. மிதமான பயிற்சியில் அது 10 முதல் 20 விழுக்காடு வரை கூடும், அவ்வளவுதான். நம் உச்சத் திறனில் 60 விழுக்காட்டைத் தாண்டி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கத் தொடங்கியதும், கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, அதனால் மூளைத் தமனிகள் சுருங்கி, கூடியிருந்த ஓட்டம் மீண்டும் குறைகிறது.

மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை நானே பட்டறிந்தேன். சென்ற ஆண்டு மலைக்கோட்டைப் படிகளில் பேரனுடன் போட்டி போட்டு ஏறிவிட்டு, சட்டென்று நின்றேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. "நிக்காதீங்க ஐயா, உக்காருங்க" என்று பூ விற்ற அம்மாள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கால் தசைகள் இயங்கும்வரை அவை இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகின்றன. திடீரென நின்றால் விரிந்த காற்குழாய்களில் இரத்தம் தேங்கி அழுத்தம் இறங்கிவிடும். இதையெல்லாம் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன்தான் நான்!

இதைவிட எனக்குக் கவலை தருவது எடைப் பயிற்சி. எங்கள் பகுதி உடற்பயிற்சிக் கூடமொன்றில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பல்லைக் கடித்து, தம் கட்டி, நெற்றியில் குழாய் புடைக்க எடையைத் தூக்கிக்கொண்டிருந்தார்; பயிற்சியாளரோ "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று எண்ணிக்கொண்டிருந்தாரே தவிர, மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கனடாவில் 1985இல் வெளியான ஓர் ஆய்வில், பளு தூக்கிப் பழகிய 5 பேரின் கைத் தமனியில் நேரடியாக அழுத்தத்தை அளந்தார்கள். இரு கால்களாலும் பெரும் எடையைத் தள்ளியபோது அது சராசரியாக 320/250 வரை ஏறியது. ஒருவருக்கு 480/350ஐயும் தாண்டியது. மூச்சை அடக்கி முக்குவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்படி முக்கும்போது மூளையைச் சூழ்ந்த நீரின் அழுத்தமும் கூடவே ஏறி, தமனிச் சுவருக்கு வெளியிலிருந்து முட்டுக்கொடுப்பதால்தான் பெரும்பாலோர் தப்பிக்கிறார்கள். ஆனால் மூச்சை விட்ட மறுகணம் அழுத்தம் சரிவதால் தலை சுற்றும். மெதுவான ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும் மூளைக் குழாய்கள், இத்தகைய திடீர்த் தாவலை அந்த அளவுக்குச் சமாளிப்பதில்லை. ஏற்கெனவே இரத்தக் கொதிப்போ மூளைத் தமனியில் வீக்கமோ உள்ளவருக்கு இது விளையாட்டல்ல.

எடையே தூக்கக் கூடாது என்பது என் வாதமன்று. சுவரில் முதுகு சாய்த்து, நாற்காலியில் அமர்வதுபோல் அசையாமல் நிற்கும் பயிற்சிகள் ஓய்வுநேர இரத்த அழுத்தத்தை நன்கு குறைப்பதாக, 270 ஆய்வுகளைத் திரட்டி அலசிய 2023ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டுகிறது. அப்போதும் மூச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

தங்கள் இணைப்பில் வாரந்தோறும் பயிற்சிப் படங்கள் வருகின்றன. எடையை உயர்த்தும் படத்தின் கீழ் "மூச்சை விடவும்" என்றும், இறக்கும் படத்தின் கீழ் "மூச்சை இழுக்கவும்" என்றும், கடைசிப் படத்தின் கீழ் "ஐந்து நிமிடம் மெல்ல நடந்துவிட்டு நிற்கவும்" என்றும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.