'மின்கசிவு' என்று ஒரே வரியில் முடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார் தீப்பிடித்த செய்தி எந்த நாளிதழில் வந்தாலும் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: 'மின்கசிவே காரணம் எனக் கூறப்படுகிறது.' கசிவு என்றதும் குழாயில் சொட்டும் தண்ணீர்தான் மனதில் வருகிறது. காரில் நடப்பதோ வெள்ளம். விளக்குக்குப் போக வேண்டிய ஒயர் நடுவழியில் தோல் உரிந்து வண்டியின் இரும்பைத் தொட்டால், பேட்டரியில் உள்ள அத்தனையும் அந்த ஒயர் வழியாகப் பாயும். இதுதான் ஷார்ட். அந்த நேரத்தில் தானே உருகி அந்த ஒயரைக் காப்பாற்றத்தான் பியூஸ். அண்மைக்காலம் வரை எனக்கே இது தெரியாது.

அப்பா ஓட்டிய 23 வயதுக் காரைத்தான் நான் ஓட்டுகிறேன். போன வருடம் பின்பக்கச் சிவப்பு விளக்கின் பியூஸ் அடிக்கடி போனது. 10 ஆம்பியர் மின்சாரம் வரைதான் விடும், சிவப்பு நிறம். புதிது போட்டால் நான்கு நாள் தாங்கும், சில சமயம் நான்கு நிமிடம். பட்டறையில் காட்டினேன். பச்சை நிற பியூஸ் ஒன்றைச் செருகிவிட்டு, "இனி போகாதும்மா" என்றார்கள். உண்மைதான், போகவில்லை. பச்சை என்றால் 30 ஆம்பியர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சில வாரம் கழித்து ஓர் இரவு, பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்க, ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. வண்டியை ஓரம்கட்டி, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். கதவோரம் பின்னால் போகும் ஒயர்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. ஷார்ட் ஆன இடத்தில் ஒயர் அரைகுறையாக உரசியதால் ஓடிய மின்சாரம் 30 ஆம்பியரைத் தாண்டவில்லை. மெல்லிய ஒயர் வேக அது போதும். பச்சை பியூஸ் மட்டும் போட்ட மாதிரியே இருந்தது.

கருகிய ஒயர்களை மாற்றிய பிறகு, மூலக் கோளாறை நானும் என் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடினோம். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். 12 வோல்ட், 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்து, பியூஸைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தின் இரண்டு முனைகளிலும் மாட்டினோம். ஷார்ட் இருந்தால் இந்தப் பல்பு பளிச்சென்று எரியும், ஆனால் 2 ஆம்பியருக்கு மேல் விடாது. ஒயரும் சுடாது, பியூஸும் வீணாகாது. அந்த பியூஸ் வழியாக எரியும் மற்ற பல்புகளை எல்லாம் முதலில் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அவையே நம் பல்பை மங்கலாக எரியவைத்துக் குழப்பும்.

சுவிட்சைப் போட்டோம். பல்பு எரியவில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர்க் கட்டை ஆட்டினோம், ஒன்றுமில்லை. சீட்டுக்கு அடியில் ஆட்டினோம், அங்கும் இல்லை. களைத்துப்போய்த் தம்பி டிக்கியைத் திறந்தான். பல்பு பளீரென்று எரிந்தது! மூடினால் அணைந்தது. டிக்கிக் கீலில் ரப்பர் உறைக்குள், இத்தனை வருடம் மடங்கி மடங்கி ஓர் ஒயரின் உறை வெடித்துச் செம்பு வெளியே தெரிந்தது. நகத்தளவு இடம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அந்தத் துண்டை வெட்டி, புது ஒயர் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் டியூப் மாட்டி, பழையபடி 10 ஆம்பியர் பியூஸையே போட்டோம். இன்றுவரை அது போகவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கதவுக் கீல், டிக்கிக் கீல், சீட் நகரும் தண்டவாளம், இன்ஜின் பக்கமிருந்து ஒயர் உள்ளே நுழையும் ஓட்டை, பின்னால் சேர்த்த ஹார்ன், ஸ்டீரியோ இணைப்புகள், இவற்றை முதலில் பார்க்கலாம். சுவிட்ச் போட்டவுடன் பியூஸ் போனால் ஷார்ட் என்று சந்தேகிக்கலாம். பத்து நிமிடம் ஓடிய பிறகு போனால் வைப்பர் மோட்டாரோ ஏசி புளோவரோ இறுகிப்போய் அதிகம் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதுவானாலும் பெரிய பியூஸ் போடாதீர்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுபவர்களும் இருக்கிறார்கள், அது 30 ஆம்பியரைவிட மோசம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியொரு செய்தி வரும்போது, அந்த வண்டியில் எத்தனை ஆம்பியர் பியூஸ் இருந்தது, கூடுதல் ஒயரிங் ஏதாவது செய்திருந்தார்களா என்று உங்கள் நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். கூடவே பியூஸ் நிறங்களையும் ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30.

இப்படிக்கு,
பழைய கார் ஓட்டும் ஒரு வாசகி