ஒரு பழைய காசு தேடிக் கொடுத்தனுப்புங்கள்

நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டு மாணவர்களின் பெற்றோருக்கு,

வணக்கம். முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். வரும் மாதம் இரண்டாவது சனிக்கிழமை பிள்ளைகளைக் கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறோம். காலை 6.45க்குப் பள்ளி வாசலில் பேருந்து கிளம்பும். ஒரு பிள்ளைக்கு 15 வெள்ளி (ரிங்கிட்), மீதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் போட்டுக்கொள்கிறது. வீட்டிலேயே பசியாற வைத்து அனுப்புங்கள். பேருந்தில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் யார் யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்களுக்கு மட்டும் கொஞ்சமாக.

சரி, இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

போன முறை இதே இடத்துக்குப் போனபோது நான்தான் ஒரு தப்புச் செய்தேன். இருபது கேள்விகள் அச்சடித்த தாளை ஆளுக்கொன்று கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் பொருளைப் பார்க்கவே இல்லை. கண்ணாடிக்குக் கீழே இருந்த விளக்க அட்டையைப் பார்த்து எழுதித் தள்ளினார்கள். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, "டீச்சர், கடைக்குப் போகலாமா?" என்று வந்து நின்றார்கள். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன், மலாய்க்காரர்களின் குழிப்பலகை விளையாட்டைப் பற்றி, 'சொங்காக்: மரத்தால் ஆனது, இருவர் விளையாடுவது' என்று முத்து முத்தாக எழுதியிருந்தான். முழு மதிப்பெண் போட்டேன்.

அப்புறம் அந்தப் பையனுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து, பார்க்கப் போயிருந்தேன். வாசலில் அவன் தாத்தா மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு நீளப் பலகை. வரிசைக்கு ஏழாக 14 குழிகள், ஒவ்வொரு குழியிலும் திருகாணி, நட்டு, வாஷர் என்று வகைவகையாகப் பிரித்து வைத்திருந்தார். கிரீஸ் ஏறி மரம் கறுத்திருந்தது. விரல் பட்டுப் பட்டுக் குழிகளின் ஓரம் மட்டும் வழுவழுவென்று பளபளத்தது. "எங்கம்மாவோட பல்லாங்குழி டீச்சர். சாமான் போட்டு வைக்கத் தோதா இருக்கு" என்றார். பேரன் அதைப் பிறந்ததிலிருந்தே 'ஸ்க்ரூ பலகை' என்றுதான் நினைத்திருக்கிறான். கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்து எழுதிய சாமானின் அக்கா தன் வீட்டு வாசலில் கிடப்பது அவனுக்குத் தெரியவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் சொன்னால்தானே தெரியும்?

அதனால் இந்த முறை கேள்வித்தாள் கிடையாது. ஆளுக்கொரு பழைய காசுதான்.

வீட்டு உண்டியலைக் கவிழ்த்துப் பாருங்கள். இப்போது புழங்கும் சில்லறை 2012-இல் வந்தது. அதற்கு முன், 1989-இல் வெளியான காசுகள் இன்னும் எல்லார் வீட்டிலும் நாலைந்தாவது கிடக்கும். அவற்றில் செம்பருத்தி இல்லாத பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து காசில் பம்பரம், பத்துக் காசில் சொங்காக், இருபது காசில் வெற்றிலைச் செல்லம், ஐம்பது காசில் வாவ் பட்டம். கடைகளில் 2008-லிருந்து மீதிச் சில்லறையாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்களே, அந்த ஒரு காசில் ரெபானா என்னும் பறை. இருபது வருடத்துக்கு மேலாக இவற்றைக் கையில் வாங்கி ரொட்டிச்சானாய்க் கடையில் கொடுத்திருக்கிறோம். நான் திருப்பிப் பார்த்ததே இல்லை.

பிள்ளை தன் காசில் இருக்கும் பொருளை அருங்காட்சியகத்தில் தேட வேண்டும். கண்டுபிடித்தால் அதன் முன்னால் உட்கார்ந்து படம் வரைய வேண்டும். கிடைக்காவிட்டால் வேறு எது பிடிக்கிறதோ அதை வரையலாம். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. அது உங்களுக்கு. அந்தப் பொருளுக்கு நம் வீட்டில் என்ன பெயர், அதை யார் வைத்திருந்தார்கள், எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பாட்டியிடம் அனுப்புங்கள்.

சொங்காக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். படகு போன்ற பலகை, பக்கத்துக்கு ஏழு குழி, இரண்டு முனையிலும் பெரிய குழி ஒவ்வொன்று. அந்தப் பெரிய குழிக்கு 'ரூமா', அதாவது வீடு என்று பெயர். குழிக்கு ஏழாக 98 முத்துகள். சுற்றி வரும்போது தன் வீட்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். பல்லாங்குழியில் அந்த வீடு கிடையாது. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று சொல்லி எடுத்துக்கொள்வோம். வெறுங்குழி வந்தால் துடைத்துவிட்டு அடுத்ததை அள்ளுவோம். ஆட்டம் வேறு, ஆனால் சொங்காக்குக்கு மலாய்க்காரர்கள் எடுக்கும் 'சாகா' விதையும் பல்லாங்குழிக்கு நாம் எடுக்கும் மஞ்சாடியும் ஒன்றேதான். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மஞ்சாடி மரம் இல்லை. கித்தாக் கொட்டையில், அதாவது ரப்பர் விதையில்தான் ஆடினோம். ஆட்டத்தில் தோற்றவன் அதே கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து ஜெயித்தவன் தொடையில் வைத்துச் சுட்டுவிட்டு ஓடுவான். இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.

வெற்றிலைச் செல்லமும் அப்படித்தான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, காசுக்கட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிண்ணம், கூடவே பாக்குவெட்டி. மலாய்க்காரர்கள் பெண் கேட்டுப் போகும்போது அதைத்தான் முன்னால் வைக்கிறார்கள். நாம் தாம்பூலத் தட்டு வைக்கிறோம்.

கிளந்தான் மாநிலத்து நிழற்கூத்தான வாயாங் கூலிட்டின் தோல்பாவைகளைப் பார்த்தால் பிள்ளைகள் கத்தப் போகிறார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கூத்தில் நடப்பது ராமாயணம். ஸ்ரீ ராமா, சீத்தி தேவி, லக்சமானா, வெள்ளைக் குரங்கு அனுமான் எல்லாரும் வருவார்கள். ராவணனுக்கு அங்கே மகாராஜா வானா என்று பெயர். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாப் பாவைக்கும் குரல் கொடுப்பவர் ஒரே ஆள், 'தோக் டாலாங்'. பாக் டோகோல், வாக் லோங் என்ற இரண்டு கோமாளிகள் மட்டும் நம் கதையில் கிடையாது. கிளந்தான்காரர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். அதே வளாகத்தில் ஓராங் அஸ்லி மக்களின், அதாவது இந்நாட்டுப் பூர்வகுடிகளின், கைவினைக் காட்சியகம் இருக்கிறது. அங்கே அவர்களில் ஒரு பிரிவினரான மா மெரி மக்கள் மரத்தில் செதுக்கிய முகமூடிகளை வைத்திருப்பார்கள். முழி பிதுங்கிய முகங்கள், வளைந்த மூக்குகள். போன முறை சிலர் அவற்றைப் பார்த்துச் சிரித்து நாக்கை நீட்டிப் படம் எடுத்தார்கள். அந்த மக்கள் கேரித் தீவில், நம்மவர்கள் வேலை பார்த்த செம்பனைத் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே இன்றும் வாழ்கிறார்கள். அந்த முகங்கள் அவர்களுடைய 'மோயாங்', அதாவது முன்னோர். வருடத்துக்கு ஒரு நாள் படையல் வைத்துக் கும்பிடுகிறார்கள். நம் தோட்டத்து எல்லையில் இருக்கும் முனியாண்டி முன்னால் யாராவது நாக்கை நீட்டிப் படம் எடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

கைப்பேசி வேண்டாம். செலவுக்கு ஐந்து வெள்ளிக்கு மேல் கொடுக்காதீர்கள். கடையில் சாவிக்கொத்து வாங்கி வந்து இரண்டு நாளில் தொலைத்துவிடுகிறார்கள்.

அனுமதிப் படிவம் வரும் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியர் கைக்கு வந்துவிட வேண்டும். பழைய காசு கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம், நான் ஒரு மங்கு நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். பால் பிடிக்க ரப்பர் மரத்தில் மாட்டும் கிண்ணம், அதே மங்குதான், அம்மாவுடையது.

பயணத்துக்கு முந்தைய வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பள்ளி மண்டபத்தில் பல்லாங்குழி சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். பாட்டிகள், தாத்தாக்கள் யார் வந்தாலும் சரி, தேநீரும் வடையும் உண்டு. வீட்டில் பலகை இருந்தால், உள்ளே இருக்கும் திருகாணியை வேறு டப்பாவில் கொட்டிவிட்டு எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்