சனிக்கிழமை ஆலமரத் தோட்டத்தில் உயிரினக் கணக்கெடுப்பு

அனைவருக்கும் வணக்கம். ஜனவரி 24, சனி காலை 8.30 மணிக்கு அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் கூடுகிறோம். அனுமதி வாங்கியாகிவிட்டது.

1882இல் சபை வாங்கிய ஹடில்ஸ்டன் தோட்டம் இது. 1989இல் அடித்த புயல்காற்றில் இங்குள்ள பெரிய ஆலமரத்தின் தாய்மரம் சாய்ந்துவிட்டது. இன்றும் விழுதுகள்தான் மரத்தைத் தாங்குகின்றன. பார்த்தாலே மனசு நிறையும்.

1. இலை, பூ எதையும் பறிக்க வேண்டாம். படம் போதும், இலையின் இரு பக்கத்தையும் எடுங்கள்.
2. விழுதில் பிள்ளைகளைத் தொங்க விடாதீர்கள். இளம் விழுதின் நுனி ரொம்ப மென்மையானது.
3. சருகைக் கிளறாதீர்கள். மரவட்டையும் அரணையும் அதற்குள்தான் இருக்கும்.
4. தண்ணீர், தொப்பி, நோட்டு. பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம்.

வருபவர்கள் எத்தனை பேர் என்று வியாழன் இரவுக்குள் இங்கே பதில் போடுங்கள். 20 பேருக்குத்தான் இடம்.